மூக்குக்கு மூக்கு ஒரு தனி ஒப்பந்தம்

அந்தப் பையை மேலே வைக்காதீர்கள். மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேலே வைத்தால் எவனாவது அதன்மேல் தேங்காய் மூட்டையை ஏற்றிவிடுவான், உள்ளே மெஷினில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டுவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? என் காலடியில் பாருங்கள். அதே சாம்பல் நிறம், அதே வார், அதே ஜிப். உக்கடத்தில் நீங்கள் பஸ் ஏறும்போதே பார்த்துவிட்டேன். மற்றவர்கள் பையில் துணிமணி கொண்டுபோகிறார்கள். நாம் மூச்சைக் கொண்டுபோகிறோம்.

உட்காருங்கள், தோழர். தோழர் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? எனக்கு வேறு சொல் வாயில் வராது. திருமலைசாமி என்று பெயர். சிங்காநல்லூர்ப் பக்கம் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தில் செயலாளராக இருந்தவன். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இந்தக் காலத்தில் யார் கேள்விப்படுகிறார்கள்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீதியெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் படித்தது. பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். எழுத்துப்பிழை இருக்கலாம், கொள்கைப்பிழை இருக்காது.

பொள்ளாச்சிக்கா? நானும் அங்கேதான். என் மனைவியை அழைத்துவரப் போகிறேன். மயிலாத்தாள். எங்கள் மகள் வாலண்டினா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கதவடைப்பு நடந்தபோது பட்டினி கிடந்து என்னோடு நின்றவள், தோழர். மில் வாசலில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோஷம் போட்டவள். இப்போது ஒரு ரப்பர் மூடிக்காக வெளிநடப்புச் செய்துவிட்டாள். தனியாகவும் செய்யவில்லை. தூண்டிவிட ஆள் இருந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எனக்கு மேடையில். ஒரு தோழருடைய இரங்கல் கூட்டம். நான் தலைமை. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர் நீட்டி முழக்கினார். நான் கண்ணை மூடிச் சிந்தனையில் இருந்தேன். மைக்கை யாரோ என் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். தெருவே சிரித்தது. குறட்டை என்றார்கள். இரங்கல் கூட்டத்தில் சிரிக்கிறவர்களிடம் என்ன விளக்கம் சொல்ல முடியும்? மறுநாளே மயிலாத்தாள் என்னைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் முந்திக்கொண்டாள்.

"தூங்கயில இவருக்கு மூச்சு நின்னுபோயிருதுங்க. நின்னதும் நான் எந்திரிச்சு உட்கார்ந்துக்குவேன். மறுபடி வருதா, வருதான்னு வாயையே பார்த்துட்டு இருப்பேன். அது வந்ததுக்கப்புறந்தானுங்க என்ற மூச்சே எனக்கு வரும்."

இது எத்தனை காலமாக என்று டாக்டர் கேட்டார். வாலண்டினா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்றாள். நான் அங்கேயே கேட்டேன்: "அப்போதே ஏன் என்னிடம் முறையாகத் தெரிவிக்கவில்லை?" டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

தலையில், மார்பில், விரலில் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்துச் சோதித்தார்கள். மூச்சு நின்று நின்று வருகிறதாம். இதயம் தாங்காதாம். ராத்திரி முழுவதும் மெஷின் காற்றை ஊத வேண்டுமாம், அதை முகமூடி வழியாக நான் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். இங்கேதான் தோழர் ஒரு வரலாறு குறுக்கே வருகிறது. மில்லில் பஞ்சுத் தூசி பறக்கும். தூசியை உறிஞ்சும் மெஷின் வைக்கச் சொன்னால், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள் என்றது நிர்வாகம். கட்ட மாட்டோம் என்றோம். மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டே போராடி, அந்த மெஷினை வைக்கச் செய்தோம். அப்படிப்பட்டவனிடம் வந்து மூக்கை மூடிக்கொள் என்றால்?

ஆனாலும் மாட்டினேன். மறுத்தேன் என்று நினைக்காதீர்கள். முதலில் கொடுத்தது மூக்கு, வாய் இரண்டையும் மூடுவது. வாய்ப்பூட்டு. அதற்கு வேறு பெயர் கிடையாது. உள்ளே காற்று அடிக்கிறது, கன்னம் பலூன் மாதிரி உப்புகிறது, மேலுதட்டுப் பக்கமாகக் காற்று பிய்த்துக்கொண்டு கண்ணுக்குள் போகிறது. புர்ர், புர்ர் என்று சத்தம் வேறு. மயிலாத்தாள் எழுந்து உட்கார்ந்து, "என்னங் மாமா, ஆட்டோ ஸ்டார்ட் ஆகாத மாதிரி இருக்குது" என்றாள். கழற்றி வீசினேன்.

அந்த முகமூடியை வாங்கிய கடை காந்திபுரத்தில். அங்கே அளவு பார்த்து மாட்டிக் காட்டுகிற பெண் சுகந்தி. மரியாதையான பெண்தான், குறை சொல்ல மாட்டேன். என் முகத்தைப் பார்த்தவுடனே சொன்னாள்:

"மீசை கனமா இருக்குதுங்க சார். ரப்பர் தோலோட ஒட்டாம நிக்குது. கொஞ்சம் ட்ரிம் பண்ணினீங்கன்னா லீக் நின்னுரும்."

நான் எழுந்து நின்றேன். "அம்மா, உன் சரக்கில் ஓட்டை இருந்தால் சரக்கை மாற்று. என் முகத்தை மாற்றச் சொல்லாதே" என்றேன். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, பாவம். அந்த மீசைக்கு ஒரு கதை இருக்கிறது.

அதற்கு நாச்சிமுத்துவைச் சொல்ல வேண்டும். என் தோழன். தோழனாக இருந்தவன். ஒரே மில், ஒரே ஷிப்ட், ஒரே தெரு. கதவடைப்பின்போது போலீஸ் என்னைத் தேடி வந்தது. நான் அவன் வீட்டுப் பரண்மேல் பாத்திரங்களுக்குப் பின்னால் படுத்திருந்தேன். கீழே கேட்கிறார்கள், திருமலைசாமி எங்கே? தெரியாது என்கிறான். அடி விழுகிற சத்தம் மேலே கேட்கிறது. தெரியாது என்கிறான். கடைசியில் தெருவில் உட்கார வைத்து, ஊர் பார்க்க அவன் மீசையை மழித்துவிட்டுப் போனார்கள். மழித்தது அவனுக்குத்தான். ஆனால் அவமானம் எனக்குத்தான் அதிகம், தலைவன் என்கிற முறையில். அன்றைக்கே இருவரும் கையடித்துச் சத்தியம் செய்தோம். இனி எங்கள் மீசைமேல் கத்தி படக் கூடாது. செயற்குழுவில் தீர்மானமாகவே போட்டேன்.

அந்த நாச்சிமுத்துவுக்கும் இதே நோய். என்னைப் பார்த்து அவனும் சோதித்துக்கொண்டான். அவனுக்கும் அதே வாய்ப்பூட்டு, அதே புர்ர். இருவரும் சனிக்கிழமைகளில் அந்தக் கடைக்குப் போவோம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தேன். ஒரு பேங்க்காரர், மூக்குத் தண்டில் புண். ஒரு ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், நெற்றியில் வட்டமாகச் சிவந்த அச்சு. ஒரு லாரிக்காரர், காலையில் எழுந்தால் நாக்கு வறண்டு பேச்சே வரவில்லை என்கிறார். எல்லாரும் தனித்தனியாகப் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அமைப்பு இல்லை!

அமைப்பைக் கட்டினேன். முகமூடி நோயாளர் உரிமைச் சங்கம். நான் செயலாளர், நாச்சிமுத்து பொருளாளர். வராத சந்தாவுக்கு ஒரு பொருளாளர் என்று அவனே கேலி செய்தான். நோட்டீஸ் நானே எழுதினேன். தலைப்பைக் கேளுங்கள்: "முகத்துக்காக முகமூடியா? முகமூடிக்காக முகமா?" எப்படி? ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளே அசந்துபோனார். கோரிக்கை ஒன்றே ஒன்று. நம் மக்கள் முகத்துக்கு ஏற்ற, வலிக்காத, காற்றுக் கசியாத ஒரே முகமூடி, எல்லாருக்கும். அதற்குக் கீழே ஒரு தீர்மானம்: கோரிக்கை நிறைவேறும்வரை எந்த உறுப்பினரும் கடையோடு தனி ஒப்பந்தம் செய்துகொள்ளக் கூடாது.

தனி ஒப்பந்தம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. மில்லில் நிர்வாகம் செய்கிற முதல் வேலை அது. ஒவ்வொருவனாக அறைக்குக் கூப்பிடும். உனக்கு மட்டும் இவ்வளவு, வெளியே சொல்லாதே என்னும். அவன் கையெழுத்துப் போட்டால் கருங்காலி. வேலைநிறுத்தத்தை உள்ளேயிருந்து அறுக்கிறவன். எங்கள் சங்கத்தில் திருடனை மன்னித்திருக்கிறோம், குடிகாரனை மன்னித்திருக்கிறோம். கருங்காலி வீட்டுச் சாவுக்குக்கூடப் போனதில்லை.

ஆர்ப்பாட்ட நாள் வந்தது. கடை வாசலில் தட்டி பிடித்து நிற்கிறோம். நான் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அந்தச் சுகந்தி வெளியே வந்து என்ன சொன்னாள் தெரியுமா?

"வெயில்ல எதுக்குங்க நிக்கறீங்க? ஒவ்வொருத்தரா உள்ள வாங்க. புதுசா நாலஞ்சு மாடல் வந்திருக்குது. யாருக்கு எது சரியா உட்காருதுன்னு மாட்டிப் பார்த்துரலாம்."

ஒவ்வொருத்தரா! காதில் விழுந்ததா உங்களுக்கு? அதே சொல். மில் மேனேஜர் சொன்ன அதே சொல். நான் கத்தினேன், "யாரும் நகராதீர்கள், இது பிரித்தாளும் சூழ்ச்சி" என்று. பேங்க்காரர் தட்டியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்சம் பிடியுங்கள், இதோ வருகிறேன் என்கிற மாதிரி. அப்புறம் லாரிக்காரர். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் மட்டும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார், படித்தவர் இல்லையா. கடைசியில் நாங்கள் இரண்டு பேர். நான், நாச்சிமுத்து. என் கையில் மூன்று தட்டி.

"வாடா, நாமளும் ஒரு தடவை மாட்டிப் பார்க்கலாம்" என்றான்.

"தீர்மானம் இருக்கிறது" என்றேன்.

"நீ நோட்டீஸ்ல என்ன எழுதியிருக்கே? முகத்துக்குத் தகுந்த முகமூடின்னுதானே? அதைத்தானே அந்தப் புள்ள செய்யறேங்குது?"

"ஒரே கோரிக்கை, ஒரே முடிவு. நாற்பது வருடம் இதைத்தான் சொன்னோம், நாச்சிமுத்து."

அவன் சிரித்தான், தோழர். "பஞ்சப்படி எல்லாத்துக்கும் ஒண்ணு, சரி. அதுக்காக மூக்கும் எல்லாத்துக்கும் ஒண்ணாடா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். மூக்குக்கு மூக்கு ஒரு தனி ஒப்பந்தம் என்றால் அப்புறம் சங்கம் எதற்கு? நீங்களே சொல்லுங்கள். அவனிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அதனால்தான் உள்ளே போய்விட்டான்.

ஒரு வாரம் நான் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவனே வந்தான். கதவைத் திறந்தேன், எனக்கு ஆளே தெரியவில்லை. மீசை இல்லை. மேலுதடு குழந்தை உதடு மாதிரி இருக்கிறது. முகம் தெளிந்து, கண் சிவப்பு நீங்கி, பத்து வயது குறைந்தவன் மாதிரி நிற்கிறான். மூக்கு ஓட்டையில் மட்டும் வைக்கிற சின்னது அவனுக்குப் பொருந்திவிட்டதாம். மீசையை எடுத்ததும் கசிவே இல்லையாம். படுத்தால் விடிந்துதான் எழுந்திருக்கிறானாம். பகலில் பேப்பர் படிக்கும்போதுகூடத் தூக்கம் வருவதில்லையாம். என்னிடம் வந்து பெருமை!

"சத்தியம்?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு அவனுங்க மழிச்சாங்க. இன்னிக்கு நானா மழிச்சுட்டேன். ரெண்டும் ஒண்ணாடா திருமலை?"

நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். சொல்லக் கூடாத சொல். கருங்காலி. அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். "சரி, அப்படியே வெச்சுக்க. ஆனா நீ அந்தப் பொண்ணுகிட்டப் போ. இல்லாட்டி ஒரு நாள் காலைல நாந்தான் உன்னைத் தூக்கறதுக்கு ஆள் சேர்க்கணும்" என்றான். மயிலாத்தாள் சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த வாரமே துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கிளம்பும்போது ஒரு நிபந்தனை வைத்தாள். "ராத்திரி பூரா அதை மாட்டிட்டுத் தூங்கறீங்கன்னு நாச்சிமுத்தண்ணன் வந்து சொல்லட்டும். அன்னைக்கே வந்துடறேன். நீங்க சொன்னா நம்ப மாட்டேன், மாமா. நீங்க உங்களுக்கே உண்மை சொல்றதில்லை."

பாருங்கள். என் வீட்டுக்கு வரக் கருங்காலியின் சான்று வேண்டும்!

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். குழாயில் தண்ணீர் வந்தால் எனக்குத் தெரிவதில்லை, வந்து நின்ற பிறகு குடத்தோடு போகிறேன். காப்பி போடுகிறேன், குடிக்காமல் வைத்துவிட்டு உட்கார்ந்தபடியே கண் அசந்துவிடுகிறேன். தூக்கம் இல்லை, அசதி. ஒருநாள் மாலை திடுக்கென்று எழுந்தேன், யாரோ என் கழுத்தைப் பிடித்திருந்த மாதிரி. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பக்கத்துக் கட்டிலில் யாரும் எழுந்து உட்காரவில்லை. வயதானால் அப்படித்தான் இருக்கும், விடுங்கள்.

நான் இறங்கிப் போனேன், தோழர். கொள்கையில் இல்லை, நடைமுறையில். நாச்சிமுத்து வீட்டுக்கு நானே போனேன். "நடந்ததெல்லாம் போகட்டும். எனக்கு நீ ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். பொள்ளாச்சிக்கு வா. திருமலை மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறான், நான் பார்த்தேன் என்று மயிலாத்தாளிடம் சொல்" என்றேன்.

"மாட்டறயா?"

"மாட்டுவேன். அவள் வரட்டும், மாட்டுவேன்."

"அப்ப மாட்டு. நான் பார்க்கறேன். பார்த்துட்டுச் சொல்றேன்."

"நாச்சிமுத்து, போலீஸிடம் எனக்காகப் பொய் சொன்னவன் நீ. அத்தனை அடியிலும் மாற்றிச் சொல்லாதவன். இது ஒரு சின்னப் பொய். யாரும் அடிக்கப் போவதில்லை."

அவன் சொன்ன பதிலைக் கேளுங்கள். "போலீஸ்கிட்டப் பொய் சொன்னேன், அடி என்ற முதுகுல விழுந்துது. தங்கச்சிகிட்டப் பொய் சொன்னா அது எங்க விழும்னு யோசிச்சயா?"

இது ஒரு பதிலா? முதுகுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மீசையோடு சேர்த்துப் புத்தியையும் மழித்துவிட்டான் என்று வந்துவிட்டேன். அவன் அதோடு விட்டானா? மறுநாள் தனியாகப் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போயிருக்கிறான். என் மனைவியிடம் உட்கார்ந்து, "மெஷின் அலமாரிக்கு மேல இருக்குது, தங்கச்சி. அவன் தொடறதே இல்லை. ஆளு கருத்துப் போயிட்டான்" என்று சொல்லி, அழுதானாம். அழுதானாம்! வாலண்டினா போனில் சொன்னாள். அத்தனை அடி வாங்கியும் என்னைக் காட்டிக்கொடுக்காத மனிதன். யாரும் ஒரு அடிகூட அடிக்காமல் காட்டிக்கொடுத்துவிட்டான்.

இது கிணத்துக்கடவு. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

இல்லை, நான் தூங்கவில்லை. உங்கள் தோளில் சாய்ந்தேனா? பேசிக்கொண்டேதானே இருந்தேன். எதுவரைக்கும் சொன்னேன்? பொள்ளாச்சி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். சரி.

சொல்ல வந்தது இதுதான். நீங்கள் எனக்கு அந்நியர். அதுதான் நல்லது. உங்களிடம் இதே பை இருக்கிறது, இதே நோய் இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாலண்டினா வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். வாசல்வரை வந்தால் போதும், உள்ளேகூட வர வேண்டாம். "அம்மா, நான் இவரோடு தங்கியிருந்தேன். விடிய விடிய மாட்டிக்கொண்டுதான் தூங்கினார். பார்த்தேன்." அவ்வளவுதான். அவள் அந்நியரை எதிர்த்துப் பேச மாட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையை எடுக்க உள்ளே போவாள். எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை என்னை ஜெயில் வாசலிலிருந்து அப்படி அழைத்துக்கொண்டு போனவள்.

யோசிக்காதீர்கள். யோசிக்கிற விஷயமே இல்லை.

வர மாட்டீர்களா?

என்ன கேட்டீர்கள்? அவள் திரும்பி வந்த பிறகு நிஜமாகவே மாட்டிக்கொள்வேனா என்றா? அது எங்கள் வீட்டு உள்விவகாரம். நீங்களும் அவனைப் போலவே கேட்கிறீர்கள்.

சரி. பொய் சொல்ல வேண்டாம். வாசலுக்கு வர வேண்டாம். உங்கள் மனசாட்சியை நான் கெடுக்கவில்லை. இந்தச் சின்ன உதவியாவது செய்யுங்கள், இதில் பொய் எதுவும் இல்லை. பையில் என் முகமூடி இருக்கிறது, எடுக்கிறேன். ஆமாம், அந்த வாய்ப்பூட்டுதான். பஸ்ஸில் எல்லாரும் பார்ப்பார்களா? பார்க்கட்டும். தெருவெல்லாம் பார்க்க நின்றவன் நான். கதவைத் திறந்ததும் அவள் என் கன்னத்தைத்தான் பார்ப்பாள். ராத்திரி மாட்டித் தூங்குகிறவனுக்கு இரண்டு கன்னத்திலும் வார் அழுந்திய தடம் இருக்கும். உங்களுக்கு இருக்கிறது பாருங்கள், காதுக்கு முன்னால். அது எனக்கும் வேண்டும்.

வைத்துவிட்டேன். பின்பக்கம் கை எட்டவில்லை. அந்த இரண்டு வாரையும் பிடித்து இழுங்கள். கூச்சப்படாதீர்கள், இழுங்கள். இல்லை, இது போதாது, லேசாக இருந்தால் வீடு போவதற்குள் மறைந்துவிடும். இன்னும். மூச்சு எனக்கு வருகிறது, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், தோழர். அவள் நம்ப வேண்டும்.